லிஃப்ட்காரர் மறைத்த வயிற்றுவலி

எங்கள் அறையில் எட்டுக் கட்டில்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு எட்டுப் பேர் வந்து படுப்போம், பதினொன்றரைக்கு எழுந்து போவோம். நடுவில் எங்கள் ரத்தம் குழாய் வழியே வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் வரும். சிறுநீரகம் கைவிட்ட வேலையை மெஷின் செய்கிறது, அவ்வளவுதான். எனக்கு ஐந்தாம் கட்டில். ஆறாம் கட்டில் லிஃப்ட்காரருடையது. ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தோம். கூடப் பிறந்த அண்ணனோடுகூட நான் இத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

நான் முப்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். வயதைக் குறைத்துச் சொல்பவர்கள், கூட்டிச் சொல்பவர்கள், பெற்ற பிள்ளையின் பிறந்த நாளையே மாற்றிச் சொல்பவர்கள் என்று தினமும் என் மேஜைக்கு முன்னால் பொய் வரிசையில் நிற்கும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கட்டும். இந்த விஷயத்தில் அந்தக் கோபம் இரண்டு நாள் தாமதமாக வந்தது என்பதுதான் என் வருத்தம்.

லிஃப்ட்காரர் இருபது வயதில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தவர். கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, கதவு ஓடும் பள்ளத்தைச் சுத்தம் செய்வது, பிரேக்கைச் சரிசெய்வது, நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறப்பது எல்லாம் அவர் வேலை. மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி நூறு கதை வைத்திருந்தார். கல்யாணப் பேச்சுக்குப் போன மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரம் உள்ளே மாட்டி, அதே லிஃப்டில் மாட்டிய வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்ட கதையை மட்டும் எனக்கு ஏழு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த மாப்பிள்ளை இன்னும் ஒரு மாடி மேலே ஏறியிருப்பான்.

முப்பத்தைந்து வயதில் தலைவலி வர ஆரம்பித்தது. மொட்டைமாடி மெஷின் அறைச் சூடு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினார். அது ரத்த அழுத்தம். டாக்டரிடம் போனபோது சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் கட்டில், மூன்று நாள் வேலை. கம்பெனி நல்ல கம்பெனி, நான்கு கட்டடங்களை மட்டும் அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. அவர் மனைவி ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பார்த்தார்.

ஒன்பது வருட அனுபவம் என்பதால் எங்கள் அறையில் அவருக்குப் பாதி டாக்டர் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் முழு டாக்டரைக் கேட்பதற்கு முன்னால் இவரைத்தான் கேட்பார்கள். தாகமா, ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள். கால் இழுக்கிறதா, சிஸ்டரைக் கூப்பிட வெட்கப்படாதே. நான் வந்த முதல் மாதம் மலம் கருப்பாகப் போகிறதே என்று பயந்து, இதே கட்டிலில் படுத்து அழுதேன். அவர்தான் தலையைத் திருப்பிச் சொன்னார்.

"ரத்தம் ஊற இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்களாக்கா? அதான் கருப்பு. துருப்பிடிச்ச பைப்புல தண்ணி விட்டா எப்படி வரும்? பயப்படாதீங்க."

அன்று என் வயிற்றில் பாலை வார்த்தார். அதை நான் மறக்கவில்லை.

போன வருடம் அவருக்கு விடிவு காலம் வந்தது. அவருடைய தங்கை தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டால் கடைசி வரிசைப் பையன்கூட அடங்கிவிடுவானாம், அப்படி ஒரு குரல். சோதனை எல்லாம் செய்து, பொருத்தம் இருக்கிறது என்றார்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். தங்கையின் கணவர், பேக்கரியில் அடுப்புப் பார்ப்பவர், அதற்குச் சம்மதிக்க ஏழு மாதம் ஆயிற்று. ஒரு நாள் எங்கள் அறை வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. டாக்டரை நிறுத்தி, "அவளுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தேதிதான் லிஃப்ட்காரரின் உயிர். நாளை எண்ணிக்கொண்டே இருந்தார். நாற்பது நாள், முப்பத்தெட்டு, முப்பத்தாறு. மச்சான் மனம் மாறிவிடக்கூடாது, தங்கைக்கு ஒரு தும்மல் வந்துவிடக்கூடாது, தனக்குக் காய்ச்சல் வந்துவிடக்கூடாது என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில்தான் அவர் கை அடிக்கடி மேல்வயிற்றுக்குப் போவதைக் கவனித்தேன். வந்ததும் இரண்டு பிஸ்கட் தின்பார், முகம் தெளியும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி முகம் சுருங்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன மருந்து பாட்டில், வெள்ளையாக, கடையில் வாங்கும் வயிற்றெரிச்சல் மருந்து. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு வாய். அந்த மருந்தில் இருக்கும் உப்புகளை எங்களைப் போன்றவர்களின் உடம்பு வெளியேற்றாது, டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறவரே இவர்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

"என்ன தம்பி குடிக்கிற?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. தோள் வலிக்குதுன்னு மாத்திரை போட்டேன். அது கொஞ்சம் எரியுது."

கையைத் தலைக்கு மேல் தூக்கியே வேலை பார்க்கிறவருக்குத் தோள்வலி வராமல் எப்படி இருக்கும்? நானும் விட்டுவிட்டேன்.

ஒரு திங்கள்கிழமை, பத்தொன்பது நாள் இருக்கும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு இப்பவும் கருப்பாத்தான் போகுதா?"

"இல்லையே. அது நின்னு மாசக்கணக்காச்சு."

"எனக்குப் போகுது. கொஞ்சம் தார் மாதிரி. என் மேல இரும்புக்கு இன்னும் பாசம் போகல போல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பை வாயிலேயே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

புதன்கிழமை சிஸ்டர் இரும்பு ஊசி எடுத்து வந்தார். காப்பித்தூள் நிற மருந்து, மாதம் ஒரு தடவை, மெஷின் குழாயிலேயே செலுத்துவார். எனக்குப் போட்டார், அவருக்கும் போட்டார். அந்த நிறம் குழாயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி மருந்து நேராக ரத்தத்துக்குப் போகிறது. வயிற்றுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பின்னே கருப்பு எங்கிருந்து வருகிறது?

புதிய நோயாளி என்றால் அன்றைக்கே அலறிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பான். பழைய நோயாளிக்குத்தான் கருப்பைப் பார்த்தால் இரும்பு என்று தோன்றும். யானைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்து, அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"தம்பி, நமக்கு மாத்திரை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சே. உனக்கு உள்ள எங்கயோ ரத்தம் கசியுது."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே, "தெரியும்க்கா" என்றார்.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"தெரிஞ்சுமா சும்மா இருக்க?"

"சொன்னா குழாய் விட்டு வயித்தைப் பாப்பாங்க. புண்ணுன்னு தெரிஞ்சா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க. லீவு முடிஞ்சா தங்கச்சி வண்டிக்குப் போகணும். அடுத்த லீவுக்குள்ள மச்சான் மனசு எப்படி இருக்குமோ. பதினேழு நாளுக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன். புதுக் கிட்னி வந்ததும் நானே சொல்லிடறேன். நீங்க மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"இது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை."

"பதினேழு நாள் மறைச்சாப் போதும்."

நான் வாயைத் திறக்கவில்லை. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஒரு மருந்து செலுத்துவார்கள். எங்கோ கசிந்துகொண்டிருக்கிற ரத்தத்துக்கு அந்த மருந்து கதவைத் திறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று நான்கு மணி நேரமும் அது அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு மனிதன் ஒன்பது வருடம் காத்திருந்த தேதியை என் வாயால் கெடுப்பதா என்று எனக்குள் நானே வக்கீல் வைத்து வாதாடினேன்.

வெள்ளிக்கிழமை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். உதடு வெளுத்திருந்தது. எடை பார்க்கும் மேடையில் ஏற இரண்டு தடவை முயன்றார். சிஸ்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"எங்கயாவது ரத்தம்? மலம் கருப்பா?"

"இல்ல, இல்ல."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மாடிப்படி ஏறி வந்தேன் சிஸ்டர்."

இருபத்தாறு வருடம் லிஃப்டோடு வாழ்ந்த மனிதர் மாடிப்படி ஏறி வந்தாராம்! சிஸ்டர் கையில் ஊசிக்குழல், அதில் அந்த மருந்து. என் கையில் ஏற்கெனவே ஊசி ஏற்றியிருந்தார்கள், எழுந்திருக்க முடியாது. கத்தினேன்.

"சிஸ்டர், அதைப் போடாதீங்க! அவன் பொய் சொல்றான். வாரக்கணக்கா வயித்துவலி, தார் மாதிரி போகுது. தோள்வலி மாத்திரையை இஷ்டத்துக்கு முழுங்கறான். சட்டைப் பையைப் பாருங்க."

எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், உடனே டாக்டரைக் கூப்பிட ஓடினார். லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு இஷ்டமில்லை.

உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிக்கும் குறைவுதான் இருந்ததாம். குழாய் விட்டுப் பார்த்தபோது, இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் இரண்டு புண். ஒன்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. சின்ன உலோகக் கவ்வி ஒன்றைப் போட்டு அதை நிறுத்தினார்கள். மறுநாள் டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னதை மனைவி என்னிடம் சொன்னார். சிறுநீரகம் போனவர்களுக்கு வயிற்றின் உள்தோல் சீக்கிரம் புண்ணாகும். சிலருக்கு வலிகூடப் பெரிதாகத் தெரியாது. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை இன்னொரு தடவை செலுத்தியிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் தேதி போயிற்று. புண் முழுக்க ஆறிய பிறகுதான் ஆபரேஷன். அது மட்டுமல்ல, உயிரைக் காப்பாற்ற வேறொருவர் ரத்தம் மூன்று பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படி ஏற்றினால் சில சமயம் தங்கையின் சிறுநீரகத்தோடு இருந்த பொருத்தமே கெட்டுப்போகலாமாம், முதலிலிருந்து சோதிக்க வேண்டுமாம். அதைக் கேட்டதும் தலையில் கல்லைப் போட்டது போல் இருந்தது. புதன்கிழமையே நான் சொல்லியிருந்தால் ஒருவேளை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்திருக்காது. அந்தப் பழி என்னுடையது.

பத்து நாள் கழித்து ஆறாம் கட்டிலுக்குத் திரும்பி வந்தார். அவருக்கு இப்போது அந்த மருந்து கிடையாது. அதற்குப் பதில் அரை மணிக்கு ஒரு தடவை சிஸ்டர் வந்து உப்புநீரால் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் சுவர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

"தம்பி, எப்படி இருக்கு?"

 இன்னொரு தடவை கேட்டேன். சுவரைப் பார்த்தே சொன்னார்.

"உங்களுக்குத் தர ஆள் இல்ல. பக்கத்துக் கட்டில் காலியாயிடக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

என்னை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அன்று நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, என் மேஜைக்கு முன்னால் நானே நின்று விசாரித்தேன். எனக்கு ஒரே அண்ணன், அவருக்கோ சர்க்கரை நோய். எனக்குத் தர ஆள் இல்லை என்பது உண்மை. தேதி குறித்த அன்று வாயால் வாழ்த்தினேன், உள்ளே எரிந்தது, அதுவும் உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை நான் கத்தியது அதனால் இல்லை. புதன்கிழமை நான் சும்மா இருந்தது எதனால் என்றுதான் இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தங்கை வந்தாள். உள்ளே வர அனுமதி இல்லை என்று சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் கட்டில் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என் கிட்னி என்ன பஸ் டிக்கெட்டா? தேதி போனா செல்லாமப் போக?"

"மெதுவாப் பேசு. உனக்கு லீவு..."

"ஸ்டியரிங்கை எவனாவது பிடிப்பான். நீ செத்துப் போனா நான் இதை யாருக்குக் குடுக்கறது? என்னைக் கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா அண்ணா?"

"மச்சான்..."

"அவரை நான் பாத்துக்கறேன். அவர் பயந்தது எனக்காக. நீ பயந்தது எதுக்கு? என்னை நம்பாமத்தானே?"

அந்தக் குரலுக்கு எட்டு மெஷினும் அடங்கியிருக்கும். அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே இரண்டும் ஆடின. போகும்போது அவள் என் கட்டில் பக்கம் நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"வெள்ளிக்கிழமைதானே சொன்னீங்க?"

"ஆமா."

 திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போர்வையை என் கால்வரை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். ஆறாம் கட்டிலில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார். முதலில் மணி என்ன என்று கேட்டார். பிறகு ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு உரசுகிறது என்று சொன்னார். புதியவர் ஒருவர் கருப்பாகப் போகிறதே, எதனால் என்று கேட்டபோது, "எனக்குத் தெரியாது. சிஸ்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க, இப்பவே" என்றார். பாதி டாக்டர் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். வயிற்றில் கிருமி இருந்ததால் அதற்கும் மருந்து, புண்ணுக்கு மருந்து, தோள்வலிக்கு வெந்நீர்ப் பை மட்டும். நான்கு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருந்தது. பொருத்தச் சோதனையின் முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நான் சாப்பிட்டது எனக்கு ஒட்டவில்லை. பொருத்தம் கெடவில்லை என்று வந்தது.

கடைசி டயாலிசிஸ் ஒரு புதன்கிழமை. முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் கட்டிலருகே நின்றார்.

"அக்கா, அன்னைக்கு வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டேன்."

"வாய் தவறல. கொஞ்சம் உண்மைதான். எனக்குப் பொறாமையாத்தான் இருந்துச்சு."

"தெரியும். உங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனா நான் கத்தியிருப்பேனான்னு தெரியலக்கா."

 போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். வெள்ளி காலை நான் படுத்திருந்தேன், ஆறாம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றி வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். கசங்கிய சட்டை, தூங்காத கண். யார் என்று எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பேக்கரிக்காரர், மச்சான்.

"அஞ்சாம் நம்பர் அக்கா யாரு?"

 கையைத் தூக்க முடியாமல் தலையை ஆட்டினேன்.

"கண்ணு முழிச்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு அனுப்பிட்டாரு. வீட்டுக்குக்கூட இன்னும் போன் பண்ணல" என்றார். பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். "ஒண்ணுக்குப் போயிட்டாருக்கா. நேத்துலேருந்து நிக்கவே இல்ல. பையை மாத்தி மாத்தி வைக்கறாங்க. அஞ்சு லிட்டர்!"

அந்த அறையில் ஒருவருக்கும் வருடக்கணக்காக ஒரு டம்ளர்கூடப் போனதில்லை. இரண்டாம் கட்டில் பெரியவர்தான் முதலில் கை தட்டினார், ஊசி இல்லாத கையால் கட்டில் சட்டத்தில். பிறகு எல்லாரும். ஒருவர், "அஞ்சு லிட்டரா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரி எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"பசிக்குதுன்னு திட்டறா" என்றார் அவர். சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

எனக்கும் வந்துவிட்டது. உடம்பு குலுங்கினால் கை ஆடும், ஊசி நகர்ந்துவிடும், அழாதீங்க என்று சிஸ்டர் அதட்டினார். அதட்டட்டும் என்று அழுதேன்.